கரைந்தது முக்கால், நின்றது மூன்று: ஒரு பெண் நாயின் சிறுநீர்ப்பைக் கற்கள்

ரோஸி மதுரையில் ஒரு மாடி வீட்டு நாய். வெள்ளை ஸ்பிட்ஸ், நம் ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்று சொல்லும் ஜாதி. பெண், 6 வயது, எடை 8.4 கிலோ. இரண்டு வயதிலேயே கருத்தடை ஆபரேஷன் செய்திருந்தார்கள். சித்திரை வெயிலில் ஒரு காலை, வீட்டுக்கார அம்மா அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டர், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் உக்காருது. சொட்டுச் சொட்டாத்தான் வருது. நேத்து ராத்திரி டைல்ஸ் பூரா ரத்தம்."

கையில் பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தன. நான்கு மாதத்தில் இது நான்காவது தடவை. முந்தைய மூன்று தடவையும் வேறு இடத்தில் ஊசியும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை போட்டதும் ரத்தம் நின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும். ஒருமுறைகூட எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்கவில்லை, சிறுநீரைப் பரிசோதிக்கவும் இல்லை.

இதைப் படிக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் நாய்க்குச் சிறுநீரில் ரத்தம் முதல் தடவை வந்தால், சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு மாத்திரை கொடுப்பது சரிதான். நின்றுபோன ரத்தம் சில வாரத்தில் திரும்பி வந்தால், அடுத்த மாத்திரைக்கு முன்னால் வயிற்றைப் படம் எடுத்தே ஆகவேண்டும். மருந்துக்கு அடங்கி அடங்கித் திரும்புகிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ரோஸிக்குக் காய்ச்சல் இல்லை. ஈறு நல்ல சிவப்பு. சாப்பாட்டிலும் குறையில்லை. வயிற்றைத் தொட்டதும் முதுகை வளைத்தது. அந்த அடர்ந்த முடிக்குள் விரலை விட்டு, இடுப்பெலும்புக்கு முன்னால் மெதுவாகப் பிடித்துப் பார்த்தேன். சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழ அளவில் சுருங்கி, தோல் தடித்துக் கிடந்தது. அதற்குள் ஒன்றோடொன்று உரசியது. மஞ்சப்பையில் போட்ட புளியங்கொட்டையை வெளியிலிருந்து நெருடினால் எப்படி இருக்குமோ அப்படி. கையில் இவ்வளவு தெளிவாகத் தட்டுப்படுவது எப்போதும் நடக்காது. கல் சிறிதாக இருந்தாலோ, நாய் குண்டாக இருந்தாலோ, பை நிரம்பியிருந்தாலோ விரலுக்குத் தெரியாது. அதனால் கையில் படவில்லை என்பதை வைத்துக் கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி விட்டுச் சிறுநீர் எடுத்தோம். தரையிலிருந்து உறிஞ்சி எடுத்த சிறுநீரில் தரையின் கிருமிதான் வளரும். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் காரம்) 8.0, ஒப்படர்த்தி (சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) 1.032, ரத்தம் மூன்று பிளஸ். மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களும் உருண்டைக் கிருமிகளும் கூட்டம் கூட்டமாக இருந்தன. நடுவே சவப்பெட்டி மூடி வடிவத்தில் ஸ்ட்ரூவைட் என்ற வகைப் படிகங்கள். படிகத்தைப் பார்த்ததுமே கல் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. கல்லே இல்லாத நாயின் சிறுநீரிலும் படிகம் இருக்கும். சிறுநீரை ஃபிரிட்ஜில் வைத்தால் புதிதாகவும் உருவாகும். ஒரு வகைப் படிகம் மிதக்கும் பையில் வேறு வகைக் கல் கிடப்பதும் உண்டு. இந்தக் கடைசி வரியை நானே அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் மூன்று கற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. பெரியது 21 மி.மீ., மற்ற இரண்டும் 9 மி.மீ. பக்கம். எக்ஸ்ரேயில் தெரியாத கற்களும் உண்டு. யூரேட் கல் அப்படிப்பட்டது. டால்மேஷியன் நாய்களுக்கு எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில் பிறவியிலேயே இருக்கும் மாற்றத்தால் யூரிக் அமிலம் சிறுநீரில் அதிகம் வெளியேறும், அது கல்லாகும். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகும் பிறவிக் கோளாறு உள்ள குட்டிகளுக்கும் இதே கல் வரும். அந்த மாதிரிக் கல்லுக்கு ஸ்கேன்தான் கண். ரோஸிக்கும் ஸ்கேன் செய்தோம். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் கறுப்பு நிழல் விழுந்தது, பையின் சுவர் தடித்திருந்தது, சிறுநீரகங்களில் கல் இல்லை. ரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, கால்சியம் 10.1. இரண்டும் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தன.

நான்காம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனையின் முடிவு, வந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். அமாக்சிசிலின்–கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் கிருமி.

இந்தக் கிருமிக்கும் ஸ்ட்ரூவைட் கல்லுக்கும் உள்ள உறவு நாய் மருத்துவத்தில் பழகிய கதை. கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் காரமாகும். காரமான சிறுநீரில் மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து படியத் தொடங்கும். அதுதான் ஸ்ட்ரூவைட். பூனைக்கு இந்தக் கல் பெரும்பாலும் கிருமி இல்லாமலே வரும். நாய்க்குப் பெரும்பாலும் கிருமியால்தான் வரும். பெண் நாயின் சிறுநீர்த்தாரை (பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் குழாய்) குட்டையானது, கிருமி சுலபமாக ஏறிவிடும் என்பதால் பெண்ணுக்கே அதிகம். கல் வளர வளர, கிருமியும் அந்த அடுக்குகளுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். மாத்திரை சிறுநீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும், கல்லுக்குள் போகாது. மாத்திரையை நிறுத்தியதும் கல்லின் மேல்பரப்பிலிருந்து கிருமி திரும்ப இறங்கும். ரோஸிக்கு நான்கு மாதமாக நடந்தது இதுதான்.

ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாமே என்றுதான் வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். நான் கரைத்துப் பார்க்கலாம் என்றேன். பெண் நாய், பிஎச் 8, யூரியேஸ் உள்ள கிருமி, எக்ஸ்ரேயில் பளிச்சென்ற கல் என்று நான்கும் ஸ்ட்ரூவைட்டையே காட்டின. ஸ்ட்ரூவைட் என்று நம்ப இடமிருந்தால் முதலில் உணவாலும் மருந்தாலும் கரைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பையைத் திறந்தால் மயக்கமருந்து, வலி, தையல் எல்லாம் உண்டு. தையல் நூலையே மையமாக வைத்துப் புதுக் கல் வளர்வதும் உண்டு. கை தேர்ந்தவர்கள் செய்தாலும் ஒரு கல் விடுபட்டுப் போகலாம். அதனால்தான் பையைத் தைத்து முடித்ததும் மேசையிலிருந்து இறக்குவதற்குள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது விதி.

கல் கரைப்பதற்கென்று தயாராகும் உணவில் மெக்னீசியமும் பாஸ்பரஸும் புரதமும் குறைவாக இருக்கும். அது சிறுநீரை அமிலப்பக்கம் திருப்பி, தண்ணீராக நீர்க்கவும் வைக்கும். அதைத் தவிர ஒரு வாய்கூட வேறு எதுவும் கூடாது என்று சொன்னேன். அமாக்சிசிலின்–கிளாவுலனேட் கிலோவுக்கு 12.5 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கல் கிடக்கும்வரை மருந்தும் தொடரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை படம்.

நான்காவது வாரம் வந்தது. ரத்தம் நின்றிருந்தது, ரோஸி குஷியாக வாலை ஆட்டியது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். படத்தில் கற்கள் அப்படியே இருந்தன. 21 இப்போது 20, அவ்வளவுதான்.

கல் கரையவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: சொன்ன உணவு மட்டுமே உள்ளே போகவில்லை, அல்லது கிருமி அடங்கவில்லை, அல்லது கல் நாம் நினைத்த கல் இல்லை. இந்த வரிசையில் பார்ப்பது என் வழக்கம். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஆனால் பிஎச் 7.5, ஒப்படர்த்தி 1.036. கிருமி போன பிறகும் சிறுநீர் காரமாகவும் கெட்டியாகவும் இருந்தால், நாய் வேறு எதையோ சாப்பிடுகிறது.

வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அளந்து வைக்கிறேன் டாக்டர், வேற எதுவுமே குடுக்கிறதில்ல." கூட வந்திருந்த அவருடைய மாமியார் பேசாமல் இருந்தார். ரோஸி அவர் மடியில்தான் இருந்தது. நான் அவரைப் பார்த்து, "நீங்க என்னம்மா குடுக்குறீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நான் சாப்பிடும்போது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும் தம்பி. அதுக்கு ஒரு வாய் குடுக்காம எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?" காலையில் பாலில் நனைத்த மேரி பிஸ்கெட், மத்தியானம் தயிர்சாதம். அதோடு, கல் கரையட்டும் என்று வாழைத்தண்டுச் சாற்றை மோரில் கலந்து தினமும் ஒரு டம்ளர்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாய்மேல் உள்ள பிரியத்தால்தான் கொடுத்திருக்கிறார். வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் கல்லடைப்புக்கு நம் வீடுகளில் வழிவழியாகக் கொடுத்து வருபவை. ஆனால் நாயின் ஸ்ட்ரூவைட் கல்லை நம்பி ஒப்படைக்கும் மருந்தாக நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அந்தச் சாற்றை உள்ளே இறக்க ஊற்றிய மோரும் பாலும், கரைக்கும் உணவு கணக்குப் பார்த்துக் குறைத்த பாஸ்பரஸையும் புரதத்தையும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன.

"கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் நடக்காது என்று தெரிந்தது. அதனால் ரோஸியின் சாப்பாட்டுப் பொறுப்பையே பாட்டியிடம் கொடுத்தேன். உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, தான் சாப்பிடும் நேரத்தில் கையாலேயே ஊட்டலாம். தட்டிலிருந்து மட்டும் ஒன்றும் போகக்கூடாது. ஊறவைப்பதால் தண்ணீரும் கூடுதலாக உள்ளே போகும். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பருக்கைகூடத் தவறவில்லை.

தண்ணீரைப் பற்றியும் கேட்டார்கள். "போர் தண்ணி உப்பு டாக்டர், அதனாலதான் கல்லா?" இந்தக் கேள்வி கேட்காத வீடே இல்லை. தண்ணீரில் என்ன உப்பு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். வாட்டர் கேன் வாங்கி ஒரே ஒரு கிண்ணம் வைப்பதைவிட, குழாய்த் தண்ணீரை நான்கு இடத்தில் வைப்பது மேல். ரோஸியை ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் கீழே இறக்கினார்கள். அதை நான்காக்கச் சொன்னேன். பத்து மணி நேரம் அடக்கி வைத்த சிறுநீர், படிகம் படிய அவ்வளவு நேரம் கொடுக்கிறது.

எட்டாவது வாரப் படத்தில் பெரிய கல் 12 மி.மீ. ஆகியிருந்தது. பன்னிரண்டாவது வாரம் மூன்றுமே 4 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டன. பிஎச் 6.2, ஒப்படர்த்தி 1.016. இன்னும் ஒரு மாதம், சுத்தமாகக் கரைந்துவிடும் என்று நானே சொன்னேன்.

பதினாறாவது வாரம் மூன்றும் அதே 4 மி.மீ. ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

மறுபடியும் அந்த மூன்று கேள்விகள். பிஎச்சும் ஒப்படர்த்தியும் உணவு சரி என்று சொல்லின. கல்ச்சரில் கிருமி இல்லை. மூன்றாவதுதான் மிச்சம். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டிக் கிட்டத்தில் பார்த்தேன். பெரிய கல்லின் நடுவில், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக ஒரு வெள்ளைப் பொட்டு. மாங்காயைப் படம் எடுத்தால் உள்ளே கொட்டை தெரிவது போல. அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் கல்லின் அளவைத்தான் அளந்தேன், உள்ளே பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கரைக்கும் சிகிச்சையைத்தான் தொடங்கியிருப்பேன். ஆனால் முழுதும் கரையும் என்று வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

4 மி.மீ. என்பது நல்ல அளவு. இந்த எடையுள்ள பெண் நாய்க்கு அந்த அளவுக் கல் சிறுநீர்த்தாரை வழியாகவே வெளியே வரும், பையைத் திறக்க வேண்டாம். மயக்கமருந்து கொடுத்து, சிறுநீர்த்தாரைக்குள் மெல்லிய குழாய் விட்டு, வெதுவெதுப்பான சலைனைப் பை இறுகும்வரை நிரப்பினோம். பிறகு உதவியாளர் ரோஸியை முன்னங்கால்களுக்குக் கீழே பிடித்து, தலை மேலே, முதுகெலும்பு நேர்க்குத்தாக நிற்கும்படி தூக்கிக்கொண்டார். நான் வயிற்றுக்கு வெளியிலிருந்து பையைப் பிடித்து இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினேன். கற்கள் தம் எடையால் பையின் கழுத்துக்கு இறங்க வேண்டும். குழாயை உருவிவிட்டு, பையை ஒரே சீராக அழுத்தினேன். சலைன் பீய்ச்சி அடித்தது. கீழே வைத்திருந்த ஸ்டீல் தட்டில் "டிங்" என்றது. இரண்டாம் முறை நிரப்பி அழுத்தியதில் இன்னும் ஒன்று. மூன்றாவது கல் நான்காவது தடவைதான் வந்தது. உடனே எக்ஸ்ரே எடுத்தோம். பை காலி. அன்று மாலையே ரோஸி வீட்டுக்குப் போய்விட்டது.

சிறுநீர்த்தாரையில் ஏற்கெனவே கல் அடைத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு இதைச் செய்யக்கூடாது, பை கிழிந்துவிடும். சமீபத்தில் பையில் ஆபரேஷன் ஆன நாய்க்கும் கூடாது. கிருமி அடங்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

ரோஸி ஆணாக இருந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பதினாறு வாரம் காத்திருப்பதில் ஆபத்து அதிகம். ஆண் நாயின் குறிக்குள் ஒரு எலும்பு உண்டு. அதன் அடியில் சிறுநீர்த்தாரை விரிய முடியாத ஒரு பள்ளத்துக்குள் போகிறது. கரைந்து சிறுத்த கல் அங்கே வந்து சிக்கிக்கொள்ளும். காலைத் தூக்கி முக்கும், ஒரு சொட்டு வராது, பிறகு வாந்தி எடுக்கும், சோர்ந்துவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குறையத் தொடங்கும். இது ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நிலைமை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக்கூடாது. அங்கே முதல் வேலை இதயத்தையும் பொட்டாசியத்தையும் கவனிப்பது. அப்புறம், சிக்கிய கல்லைச் சலைனால் பின்னுக்குத் தள்ளிப் பைக்குள் சேர்ப்பது. பையிலிருந்து எடுப்பது அடுத்த கட்டம்.

மூன்று கல்லையும் ஆய்வுக்கு அனுப்பினேன். கழுவி, உலர்த்தி, சின்ன டப்பாவில் போட்டு அனுப்பினால் போதும். ஃபார்மலினில் போட்டால் கல்லின் கூறு மாறிவிடும். கண்ணால் பார்த்துக் கல்லின் பெயர் சொல்வதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அகச்சிவப்பு நிறமாலை ஆய்வில் வந்த முடிவு: உள்ளே கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட், மேலே மெல்லிய படலமாக ஸ்ட்ரூவைட்.

அப்போதுதான் முழுக் கதையும் வரிசைக்கு வந்தது. ரோஸியின் பையில் முதலில் ஆக்சலேட் கல் சத்தமில்லாமல் உருவாகியிருக்கிறது. அதற்குக் கிருமி தேவையில்லை. அது உரசி உரசிப் பையின் உள்தோல் புண்ணாகி, அந்தப் புண்ணில் கிருமி குடியேறியிருக்கிறது. கிருமி சிறுநீரைக் காரமாக்க, ஆக்சலேட்டின் மேல் ஸ்ட்ரூவைட் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. நாங்கள் கரைத்தது மேலே இருந்த சதையைத்தான். கொட்டை கரையாது. கால்சியம் ஆக்சலேட்டைக் கரைக்கும் உணவும் கிடையாது, மருந்தும் கிடையாது. எடுக்கத்தான் முடியும்.

நாய்க்கல் என்றால் ஸ்ட்ரூவைட்தான் என்ற நினைப்பு பழைய காலத்துக்குப் பொருத்தம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் தொடங்கிய கல் ஆய்வு மையத்துக்கு 1981-இல் வந்த நாய்க்கற்களில் 78 சதவீதம் ஸ்ட்ரூவைட், 5 சதவீதம்தான் ஆக்சலேட். 2007-இல் இரண்டும் ஏறக்குறைய 40 சதவீதத்தில் சமமாக நின்றன. ஆக்சலேட் அதிகம் வருவது சின்ன ஜாதி ஆண் நாய்களுக்கு: ஷிட்சூ, லாசா ஆப்சோ, மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன். ரோஸி பெண் என்பதால் அந்தப் பட்டியல் எனக்கு முன்னால் நிற்கவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்றே ரோஸியின் சாப்பாடு மாறியது. ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கச் சிறுநீரை அமிலமாக்கினோம். ஆக்சலேட்டுக்கு அதே அமிலம் எதிரி. உடம்பு அமிலப்பக்கம் சாய்ந்தால் சிறுநீரில் கால்சியம் கூடும். கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறையும். கல் வந்த நாய்க்கென்று அக்கம்பக்கத்தில் யாரோ சொன்ன உணவுப் பாக்கெட்டை வாங்கிப் போட்டு, வருஷக்கணக்கில் தவறான திசையில் ஓட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கல் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லாமல் உணவு மாற்றுவதை ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போதைய இலக்கு: ஒப்படர்த்தி 1.020-க்குக் கீழே, பிஎச் 6.5-க்கு மேலே. ஈரமான உணவு. பிஎச் இரண்டு மாதம் தொடர்ந்து 6.2-லேயே நின்றதால் பொட்டாசியம் சிட்ரேட் சேர்த்தேன், கிலோவுக்கு 75 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆக்சலேட் அதிகமுள்ள பசலைக்கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளி வேண்டாம். முடி பளபளப்பாக இருக்கட்டும் என்று கொடுத்துவந்த மல்டிவைட்டமின் டானிக்கையும் நிறுத்தச் சொன்னேன். அதில் உள்ள வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், வைட்டமின் டி குடலிலிருந்து கால்சியத்தைக் கூடுதலாக இழுக்கும். ரத்தக் கால்சியத்தை இன்னொரு தடவை பார்த்தோம், இயல்பு.

இவ்வளவும் செய்தாலும் ஆக்சலேட் கல் பாதிக்குப் பாதி நாய்களுக்கு மூன்று வருஷத்துக்குள் திரும்ப வரும். இதை வீட்டில் மறைக்காமல் சொன்னேன். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். கல் சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால் மறுபடியும் தூக்கிப் பிடித்து அழுத்தி எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. ரத்தம் வரவில்லை, கல்ச்சர் சுத்தம், எடை 8.1. பாட்டி இன்றும் உருண்டை பிடித்துத்தான் ஊட்டுகிறார். போன மாத எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஸ்கேனில், பையின் அடியில் 2 மி.மீ. அளவில் ஒரு புள்ளி, பின்னால் மெல்லிய நிழல். ரோஸியைப் புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்தோம். புள்ளி உருண்டு மறுபக்கம் போனது. பொட்டாசியம் சிட்ரேட்டின் அளவைக் கூட்டியிருக்கிறேன். ஆறு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன்.